சுண்ணாம்பா, ஒற்றை நிறமா, மரப்பலகையா: அறையின் சுவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டு உள்ளலங்காரத்தில் அண்மைக் காலத்தில் தெளிவாகத் தெரிகிற மாற்றம், சாம்பலும் வெள்ளையுமாக இருந்த மழமழப்பான சுவர்களிலிருந்து மக்கள் விலகி வருவதுதான். மண்ணின் நிறங்கள், தூரிகைத் தடம் தெரியும் பூச்சுகள், செங்குத்தான மரக் கோடுகள், பெரிய பூவேலை கொண்ட சுவர்த்தாள்கள் என்று சுவரே அறையின் முதன்மையான அலங்காரமாகிவிட்டது. இந்தப் போக்கை விரும்பித் தம் வரவேற்பறையையோ படுக்கையறையையோ புதுப்பிக்க நினைப்பவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: சுண்ணாம்புப் பூச்சு, சுவர் முதல் சீலிங் வரை ஒரே நிறம் அடிப்பது, மரப்பட்டிப் பலகை, மைக்ரோசிமென்ட் என்ற மெல்லிய சிமென்ட் பூச்சு, சுவர்த்தாள். இவற்றுள் எது அழகு என்பதை அவரவர் கண்ணே முடிவு செய்துகொள்ளும். எது எந்தச் சுவரில் நிற்கும், எது அன்றாடப் புழக்கத்தைத் தாங்கும், சலித்துப்போனால் எதை எவ்வளவு பாடுபட்டு நீக்க வேண்டியிருக்கும் என்பவை கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் படத்தைக் காட்டி வேலையைத் தொடங்கிவிடுவதால்தான் பல அறைகள் ஓராண்டுக்குள்ளேயே பழுதுபார்ப்புக்கு வந்து நிற்கின்றன.

இந்த மூன்றில் நான் முதலிடம் தருவது கடைசிக் கேள்விக்கு. ஆண்டுதோறும் ஒரு நிறத்தை அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2024-ஆம் ஆண்டுக்குப் பீச் ஃபஸ் என்ற இளஞ்சிவப்பு கலந்த பழ நிறத்தையும், 2025-ஆம் ஆண்டுக்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பையும், 2026-ஆம் ஆண்டுக்குக் கிளவுட் டான்சர் என்ற வெண்மையையும் தேர்ந்தெடுத்தது. மூன்றே ஆண்டுகளில் போக்கு பழுப்பைத் தொட்டு மீண்டும் வெள்ளைக்கே வந்துவிட்டது. ஆனால் ஒழுங்காகச் செய்த சுவர் வேலை அதைப் போலப் பல மடங்கு காலம் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு போக்கைச் சுவரில் ஏற்றும்போது, அதை இறக்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த அளவில் பார்த்தால் ஐந்தும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கின்றன. ஒற்றை நிறத்தின் மேல் வேறு நிறம் அடித்துவிடலாம். மைக்ரோசிமென்டை நீக்க வேண்டுமென்றால் இயந்திரம் வைத்துத் தேய்க்கவோ, அடித்தளத்தோடு பெயர்த்தெடுக்கவோ வேண்டும். மற்ற மூன்றும் இடையில் வருகின்றன. எந்த இடத்தில் என்பது அவற்றை எப்படிப் பொருத்தினோம் என்பதைப் பொறுத்தது.

எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் சுவரைச் சோதிக்க வேண்டும். இரண்டு எளிய சோதனைகள் போதும். முதலாவது, சுவரின் மேல் சில துளி நீரைத் தெளித்துப் பார்ப்பது. நீர் உடனே உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால், சுவர் இன்னும் நுண்துளைகளோடு திறந்திருக்கிறது என்று பொருள். துளி முத்தாகத் திரண்டு வழிந்தால், மேலே எமல்ஷன் போன்ற பிசின் படலம் இருக்கிறது. இரண்டாவது, ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான சதுரத்தில் அலுமினியத் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, ஓரிரு நாள் விட்டு வைப்பது. பிரித்தெடுக்கும்போது தாளின் உட்புறத்தில் ஈரம் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அறைக் காற்றின் ஈரப்பதம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முன்னதற்கு ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று தேடி அடைக்க வேண்டும். பின்னதற்குக் காற்றோட்டம் வேண்டும். ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் சுவரில் இந்த ஐந்தில் எதைச் செய்தாலும் அது மூடி மறைப்பதாகத்தான் முடியும், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

இனிச் சுண்ணாம்புப் பூச்சு. இன்றைய படங்களில் மேகம் படர்ந்ததுபோல, வெளிச்சமும் நிழலும் கலந்து தோன்றும் சுவர்கள் பெரும்பாலும் இதுதான், அல்லது இதன் சாயல். நீற்றிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, நிறமி சேர்த்து, அகலமான தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக அடிப்பார்கள். நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு, ஈரம் இருக்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. பெயின்ட் சுவரின் மேல் ஒரு படலமாக உட்காரும். சுண்ணாம்பு சுவரின் துளைகளுக்குள் இறங்கிக் கல்லாக இறுகும். அதனால்தான் அது உரிவதில்லை, சுவரிலுள்ள நீராவி வெளியேறவும் வழி விடுகிறது. அதன் காரத்தன்மை பிஹெச் 12-ஐத் தாண்டுவதால் ஈரமாக இருக்கும் வரை பூஞ்சையும் அதில் எளிதில் பிடிப்பதில்லை. கல்லாக இறுகிய பிறகு அந்தக் காரம் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரத்தன்மைதான் நிறங்களையும் தீர்மானிக்கிறது. காரத்தைத் தாங்காத நிறமிகள் சுண்ணாம்பில் வெளுத்துவிடும். பிரஷ்யன் நீலம் அப்படி நிறமிழப்பதற்குத் தெரிந்த உதாரணம். இரும்பு ஆக்சைடுகளான காவி, மஞ்சள் மண், பழுப்பு மண் போன்றவை நிலையாக நிற்கும். சுண்ணாம்புச் சுவர்கள் எல்லாம் மண் நிறத்திலேயே தென்படுவதற்கு ரசனை ஒரு காரணம் என்றால், வேதியியல் மற்றொரு காரணம். ஆழ்ந்த, அடர்ந்த, மின்னும் நிறம் வேண்டுமென்பவர் இந்த வழிக்கு வரக் கூடாது.

பூசும் முறையையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் இதன் அழகும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன. சுவரை முதலில் நீர் தெளித்து நனைக்க வேண்டும். இல்லையென்றால் காய்ந்த சுவர் பூச்சின் நீரை உடனே உறிஞ்சிவிட, சுண்ணாம்பு இறுகாமல் தூளாகவே நின்று கை பட்டால் ஒட்டிக்கொள்ளும். தூரிகையை நேர்க்கோட்டில் இழுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக வீசி அடிக்க வேண்டும். ஓர் ஓரம் காய்வதற்குள் அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே போய், ஒரு சுவரை மூலை முதல் மூலை வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடம் நிரந்தரக் கோடாகத் தெரியும். அடிக்கும்போது பூச்சு கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவதாகவும், நிறம் பல மடங்கு இருண்டதாகவும் இருக்கும். காயக் காய வெளுத்து ஒளிபுகாமல் ஆகும். முதல் நாள் பார்த்துவிட்டு நிறம் தவறிவிட்டது என்று பதறுபவர்கள் மறுநாள் வரை பொறுக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கடுமையாகக் காயப்படுத்தும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் இதைத் தொடக் கூடாது.

இவ்வளவும் நுண்துளைகள் திறந்திருக்கும் கனிமச் சுவருக்கு, அதாவது சிமென்ட் அல்லது சுண்ணாம்புக் காரை பூசிய வெறும் சுவருக்குப் பொருந்தும். நீர்த்துளி முத்தாகத் திரண்ட சுவருக்கு, அதாவது ஏற்கெனவே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவருக்கு, கதை வேறு. அங்கே மணல் பொடி கலந்த கனிம பிரைமரை அடித்த பிறகே சுண்ணாம்பு பற்றும். பற்றினாலும், கீழேயுள்ள பிசின் படலம் அப்படியே இருப்பதால் சுவர் மூச்சு விடும் என்ற பயன் கிடைக்காது. அந்நிலையில் நாம் வாங்குவது தோற்றத்தை மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு வாங்குவதில் குறையில்லை. ஆனால் தோற்றம் மட்டும் போதும் என்றால், சுண்ணாம்புச் சாயலில் வரும் அக்ரிலிக் பெயின்ட்களே எளிதானவை, துடைக்கவும் கூடியவை. டப்பாவின் மேல் சுண்ணாம்பு என்று எழுதியிருப்பதை நம்பாமல், உள்ளடக்கப் பட்டியலில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறதா என்று பார்த்து எது எது என்று பிரித்தறிய வேண்டும்.

புழக்கத்தில் சுண்ணாம்பின் பலவீனம் அதைத் துடைக்க முடியாது என்பது. எண்ணெய்க் கை பட்ட இடமும், நாற்காலி உரசிய இடமும் அப்படியே நிற்கும். அந்த இடத்தை மட்டும் திருத்தினால் திருத்தியது தனியாகத் தெரியும். முழுச் சுவரையும் மறுபடி அடிப்பதே வழி. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டின் நடைவழிக்கு இது ஏற்றதல்ல. பெரியவர்களின் படுக்கையறைக்கும், அதிகம் உரசப்படாத வரவேற்பறைச் சுவருக்கும் இதற்கு இணையான அமைதியை வேறெந்தப் பூச்சும் தருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, சுவர், கதவு, கதவு நிலை, ஜன்னல் சட்டம், சுவரடிப் பட்டை, சீலிங் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடிக்கும் முறை. நிறத்தில் அறையை முக்கியெடுப்பது என்று இதைச் சொல்லலாம். வெள்ளைச் சீலிங்கும் வெள்ளைச் சட்டங்களும் இல்லாதபோது சுவர் எங்கே முடிகிறது என்பதைக் கண் தேடாது. ஆகவே ஒழுங்கற்ற மூலைகள், தாழ்ந்த உத்திரங்கள், வெளியே தெரியும் குழாய்கள், அளவுக்கதிகமான கதவுகள் எல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. குறைகள் நிறைந்த சிறிய அறைக்கு இதுவே மற்ற நான்கையும்விட அதிகம் உதவுகிறது.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் நிறத் தேர்வில்தான். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றன் நிறத்தை மற்றொன்றின் மேல் எறிகின்றன. சீலிங்கும் அதே நிறமாகும்போது வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே அட்டையில் மென்மையாகத் தெரிந்த நிறம் அறையில் ஒரு படி அடர்ந்தும் ஒரு படி இருண்டும் தெரியும். இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. வெள்ளைச் சுவரில் நேரடியாக ஒரு கட்டம் அடித்துப் பார்க்காமல், பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட்டிங் அடித்து, அதை நடுவில் மடித்து அறையின் மூலையில் பொருத்திப் பாருங்கள். மடிப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று பிரதிபலித்து, முழு அறையும் எப்படி இருக்கும் என்பதற்கு நெருங்கிய நிறத்தைக் காட்டும். காலை, நண்பகல், இரவு விளக்கு என மூன்று வேளையிலும் பார்க்க வேண்டும். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் விளக்கில் இதமாகத் தோன்றும் பழுப்பு, வெண்மை கூடிய 4000 கெல்வின் விளக்கில் சாம்பல் தட்டிப் போவதுண்டு. அதோடு, நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ மதிப்பு 90-க்கு மேல் உள்ள விளக்காக இருப்பது நல்லது.

நிற அட்டைகளில் எல்ஆர்வி என்ற எண் ஒன்று இருக்கும்; அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை அது சொல்கிறது. கறுப்பு 0, வெள்ளை 100. பகலில் பெரும்பகுதி நேரம் புழங்கும் அறைக்கு 15-க்குக் கீழான நிறத்தை நான்கு சுவர்களிலும் சீலிங்கிலும் அடித்தால், பழைய விளக்குகள் போதவே போதா. இரவில் மட்டும் பயன்படும் அறைக்கு அதே நிறம் மிகப் பொருத்தமாக அமையலாம்.

பளபளப்பின் அளவையும் யோசிக்க வேண்டும். சுவருக்கும் சீலிங்குக்கும் பளபளப்பற்ற மேட், மரத்துக்கு இலேசாக மினுங்கும் சாட்டின் என்பதே நடைமுறை; ஒரே நிற எண்ணாக இருந்தாலும் இரண்டும் ஒளியை வேறு விதமாகத் திருப்புவதால் மெல்லிய வேறுபாடு தெரியும், அது அறைக்கு அழகே சேர்க்கும். பழைய எனாமல் அடித்த கதவுகளைத் தேய்த்து மழமழப்பை எடுக்காமல் புதிய பெயின்ட் அடித்தால் நகம் பட்டாலே உரியும். செலவு கூடுவது பெயின்ட்டில் அல்ல, இந்தத் தேய்க்கும் உழைப்பில்தான்.

மரப்பட்டிப் பலகை இன்று தொலைக்காட்சிக்குப் பின்னாலும் கட்டில் தலைமாட்டிலும் எங்கும் தென்படுகிறது. மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பட்டிகளின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டி, அவற்றைப் பாலியஸ்டர் ஃபெல்ட் விரிப்பின் மேல் இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். இது ஒலியை அடக்கும் என்று சொல்லி விற்கப்படுவதால், எந்த ஒலியை என்று கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. கடினமான தரையும் வெறும் சுவரும் கொண்ட அறையில் பேச்சு எதிரொலித்துக் கரகரக்கும்; அந்த எதிரொலியைத் துளைகள் கொண்ட பொருள் உறிஞ்சும். ஆனால் உறிஞ்சும் பொருளின் தடிமன் ஒலி அலைநீளத்தின் கால் பங்கை நெருங்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ., அதன் கால் பங்கு எட்டரை செ.மீ. ஒரு செ.மீ. கூட வராத ஃபெல்ட்டைச் சுவரோடு ஒட்டினால் மிக உயர்ந்த ஒலிகளைத் தவிர மற்றவை அடங்காது. பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் அடித்து, இடைவெளியில் கனிமக் கம்பளியை (கல் அல்லது கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்து, அதன் மேல் பொருத்தினால் பேச்சொலியின் எல்லை வரை பயன் கிடைக்கும். அப்படிச் சட்டத்தில் திருகாணியால் பொருத்துவது, பின்னாளில் கழற்றுவதற்கும் எளிது. பசையால் ஒட்டினால் கழற்றும்போது சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும். பக்கத்து அறையிலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் சத்தத்தை இது தடுக்காது. எதிரொலியை உறிஞ்சுவதும் சத்தம் சுவரைக் கடக்காமல் தடுப்பதும் இரு வேறு வேலைகள். பின்னதற்குக் கனமான, இடைவெளியற்ற தடுப்பு வேண்டும்.

பட்டிகளுக்கு இடையில் தூசி தங்கும். மேலிருந்து கீழாகத் தூசுறிஞ்சியை ஓட்டித்தான் எடுக்க முடியும். தூசி ஒவ்வாமை உள்ளவர்களின் படுக்கையறையில் இதைத் தவிர்க்கவே சொல்வேன். எம்டிஎஃப் ஈரம் பட்டால் உப்பி, பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே ஓதமுள்ள சுவருக்கும் குளியலறைக்கும் இது ஆகாது. எதிரொலிதான் உங்கள் அறையின் உண்மையான குறை என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மரத்தின் தோற்றத்துக்காக மட்டும் என்றால், இந்தச் செங்குத்துக் கோடுகள் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரி வந்துவிட்டதால், ஐந்தில் மிக விரைவாகப் பழையதாகத் தோன்றப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

மைக்ரோசிமென்ட் என்பது சிமென்ட், நுண்மணல், பாலிமர் பிசின், நிறமி ஆகியவற்றின் கலவை. பல பூச்சுகளாகக் கரணையால் இழைத்து மொத்தம் 2 முதல் 3 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்து, மேலே பாலியூரிதேன் சீலர் அடிப்பார்கள். இணைப்புக் கோடே இல்லாத கற்பரப்பு கிடைக்கும். பழைய டைல்ஸைப் பெயர்க்காமலே அதன் மேல் பூசலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் டைல்ஸ் அசைந்தாலோ, தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டாலோ, அந்த அசைவு மேலே விரிசலாகத் தெரியாமல் இருக்காது. வெறும் 3 மி.மீ. பூச்சு அதைத் தாங்க முடியாது. டைல்ஸ் இணைப்புகளை நிரப்பி, கண்ணாடி இழை வலை பதித்த பிறகே பூச வேண்டும். நீர்க்கசிவைத் தடுக்கும் வேலையை மைக்ரோசிமென்டிடம் விடக் கூடாது. அதற்கான தனிப் பூச்சு கீழே இருக்க வேண்டும். மேலேயுள்ள சீலரும் தேயும், காலம் செல்லச் செல்ல அதைப் புதுப்பிக்க வேண்டும். வேலை முழுவதும் கைத்திறனையே நம்பியிருக்கிறது. பூசுபவர் இதற்கு முன் செய்து, குறைந்தது ஓராண்டு புழக்கத்தில் இருக்கும் ஒரு குளியலறையைப் பார்க்காமல் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். வரவேற்பறைச் சுவருக்கு இதைச் சிலர் பூசுகிறார்கள். நீக்குவது இவ்வளவு கடினமான ஒன்றை, நீரே படாத சுவரில் தோற்றத்துக்காகப் பூசுவதற்கு எனக்குக் காரணம் தென்படவில்லை.

சுவர்த்தாள் மீண்டும் வந்திருப்பது, பெரிய வடிவங்களோடும் துணிந்த நிறங்களோடும். தாள் வகையில் நெய்யாத நார்த்தாள் இன்று ஏற்றது: பசையைச் சுவரில் தடவி நேரே ஒட்டலாம், ஈரத்தில் சுருங்குவதில்லை, நீக்கும்போது பெரும்பாலும் முழு நீளமாக உரிந்து வரும். வினைல் தாளைத் துடைக்கலாம் என்றாலும் அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். ஓதமுள்ள சுவரில் பசையையே உணவாகக் கொண்டு பின்னால் பூஞ்சை வளரும். வாங்கும்போது பலர் தவறுவது கணக்கில். பரவலாகக் கிடைக்கும் ஒரு சுருள் 53 செ.மீ. அகலமும் 10.05 மீட்டர் நீளமும் கொண்டது. 2.4 மீட்டர் உயரச் சுவருக்கு வெட்டு ஓரம் சேர்த்து 2.5 மீட்டர் என்றால் ஒரு சுருளில் நான்கு துண்டுகள் வரும். ஆனால் 64 செ.மீ.-க்கு ஒருமுறை வடிவம் திரும்பும் தாளில், பூக்கள் பக்கத்துத் துண்டோடு பொருந்த ஒவ்வொரு துண்டையும் 2.56 மீட்டராக வெட்ட வேண்டும், நான்குக்கு 10.24 மீட்டர் தேவைப்படுவதால் மூன்றுதான் கிடைக்கும். எட்டுத் துண்டு கேட்கும் சுவருக்கு இரண்டு சுருள் போதும் என்று வாங்கி வந்தவர் மூன்றாவதற்கு மறுபடி போவார்; அச்சுத் தொகுதி எண் மாறியிருந்தால் நிறமும் சற்று மாறியிருக்கும். எல்லாச் சுருள்களிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்து, கணக்குக்கு ஒன்று கூடுதலாகவே வாங்க வேண்டும். கண் எப்போதும் பதிந்திருக்கும் அறையில் பெரிய வடிவம் விரைவில் சலிக்கும். கடந்து போகும் இடங்களான முகப்பு, படிக்கட்டுப் பக்கம், விருந்தினர் அறை ஆகியவற்றில் அது நீண்ட நாள் புதிதாகவே இருக்கும்.

இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் என் தேர்வு இப்படி அமையும். எமல்ஷன் அடித்த வழக்கமான சுவர், குழந்தைகளோ விலங்குகளோ புழங்கும் வீடு, முயன்று பார்க்கும் மனம் என்றால் ஒற்றை நிறமே முதல் தேர்வு. நிறம் பிடிக்காவிட்டாலும் இழப்பது ஓரிரு நாள் உழைப்பும் பெயின்ட்டும் மட்டுமே. புதிதாகப் பூச்சு வேலை முடிந்து இன்னும் எதுவும் அடிக்காத சுவர் கைவசம் இருப்பவர், அதில் எமல்ஷனை ஏற்றுவதற்கு முன் சுண்ணாம்பைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். அந்த வாய்ப்பு ஒரு சுவருக்கு ஒருமுறைதான் வருகிறது, பிசின் படலம் ஏறிய பிறகு சுண்ணாம்பின் முழுப் பயனும் கைவிட்டுப் போகும். சுண்ணாம்பிலிருந்து பின்னர் எமல்ஷனுக்குத் திரும்ப விரும்பினால், தூள் தட்டும் மேற்பரப்பைப் பிணைக்கும் பிரைமர் ஒன்றை அடித்துவிட்டு மாறலாம். மைக்ரோசிமென்டை, அடித்தளம் உறுதியான குளியலறைக்கு மட்டும் ஒதுக்குவேன்.

இரண்டைச் சேர்ப்பதாலும் நன்மை உண்டு. மண் நிறத்தில் ஒற்றை நிறம் அடித்த அறையில், எதிரொலி அதிகமுள்ள ஒரு சுவரில் மட்டும் பலகையைத் திருகாணியால் பொருத்தி, பட்டிகளையும் அதே நிறத்தில் அடித்துவிட்டால், ஒலியின் பயனும் கிடைக்கும், கண்ணுக்குக் கோடுகளும் துருத்தாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள், உரிமையாளரின் ஒப்புதல் பெற்று ஒற்றை நிறம் அடிக்கலாம். ஒப்புதல் இல்லாத இடத்தில், பெரிய பிளைவுட் பலகை ஒன்றின் மேல் நார்த்தாளை ஒட்டியோ சுண்ணாம்புச் சாயல் பெயின்ட் அடித்தோ, சுவரில் சாய்த்து மேல் விளிம்பை இரண்டே திருகாணிகளால் நிறுத்திவிட்டால், வீடு மாறும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.